ஆறு வீட்டுக் கட்டடத்தில் ஒரு நீர்க்கசிவு: அண்டைவீட்டார் சமரச சேவையைப் பயன்படுத்திப் பார்த்ததில்

ஆறே வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், என் வீட்டுக் குளியலறையை முன்னிட்டுக் கீழ்வீட்டாரோடு எழுந்த பிணக்கு 11 மாதங்கள் நீடித்த பிறகு, அக்கம்பக்கத்தார் தகராறுகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும் ஒரு சமரச சேவையை நாங்கள் இரு தரப்பும் சேர்ந்து நாடினோம். ஒவ்வொரு வீட்டாரிடமும் தனித்தனியே ஒரு தொலைபேசி உரையாடல், பிறகு மூன்று அமர்வுகள், முடிவில் இருவரும் கையெழுத்திட்ட இரண்டு பக்க உடன்பாடு ஆகியவையே நாங்கள் பெற்ற சேவை. இதே நிலையில் தவிப்பவர்கள், வழக்குப் போடுவதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் இடையில் வேறு வழி உண்டா என்று தேடுவார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகலை நிறுத்தியவர் பிளம்பர்தான். ஆனால் அந்தப் பிளம்பருக்கு என் வீட்டுக் கதவு திறந்தது இந்தச் சேவையால்தான்.

பெரிய குடியிருப்புகளில் வாழ்கிறவர்களுக்கு எங்கள் சிக்கல் உடனே விளங்காமல் போகலாம். அங்கே மேலாளர் இருப்பார், அலுவலகம் இருக்கும், புகார்ப் பதிவேடு இருக்கும். புகார் சொன்னவரும் புகாருக்கு ஆளானவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே காரியம் முடிந்துவிடும். ஆறு வீட்டில் அதற்கு வழியே இல்லை. எங்கள் சங்கத்தின் செயலாளர் என் எதிர்வீட்டுக்காரர், பொருளாளர் நான். கூட்டம் போட்டால் வாக்கு மூன்றுக்கு மூன்று என்று நின்றுவிடுகிறது. ஆறு வீடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 15 உறவுகள் வருகின்றன. அவற்றில் ஒன்று முறிந்தால், மீதி வீட்டுக்காரர்கள் படிக்கட்டில் யாரோடு நின்று பேசுவது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்றுகூட யோசிக்க வேண்டியதாகிவிடுகிறது. மொட்டை மாடிச் சாவி யாரிடம், தண்ணீர் மோட்டாரை இன்று யார் போடுவது போன்ற அன்றாடக் காரியங்கள்கூட அந்த முறிவில் சிக்கிக்கொள்கின்றன.

பிணக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்வீட்டில் இருப்பவர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதியர். அவர்களுடைய சமையலறைக் கூரையில் முதலில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத் திட்டு தோன்றியது. பெரியவர் மேலே வந்து சொன்னார்; நானும் போய்ப் பார்த்தேன். நான் அழைத்து வந்த பிளம்பர், இது உங்கள் லைன் இல்லை என்றார். அவர் அழைத்து வந்த பிளம்பர், மேல்வீட்டுக் குளியலறைதான் என்று அடித்துச் சொன்னார். இருவருமே டைல்ஸைத் தட்டிப் பார்த்ததைத் தவிர வேறொரு சோதனையும் செய்யவில்லை. திட்டு வளர்ந்து, காரை உப்பி, சொட்டத் தொடங்கியதும், குளியலறையை மூன்று நாள் பூட்டிவைக்கச் சொன்னார்கள்; நான் மறுத்தேன். கூரையின் படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தன. “எந்நேரமும் மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது” என்று ஒரு செய்தியும் கூடவே வந்தது. ஒழுகல் நிற்கும்வரை மாதப் பராமரிப்புத் தொகை தர மாட்டேன் என்று பெரியவர் அறிவித்தார். நான் பொருளாளர் என்ற முறையில், நிலுவைத் தொகையை அவர் பெயரோடும் வீட்டு எண்ணோடும் தட்டச்சு செய்து, படிக்கட்டுக்கு அருகில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

இந்தக் கட்டத்தில்தான் செயலாளர் சமரச சேவையைப் பற்றிச் சொன்னார். எனக்கு அப்போது அதில் நம்பிக்கை இல்லை. சமரசர் என்றால் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர் என்றுதான் எண்ணியிருந்தேன். தீர்ப்புச் சொல்வது நடுவரின் வேலை. சமரசருக்கு அந்த அதிகாரமே கிடையாது. பேச்சை ஒழுங்குபடுத்துவதும், சொல்லப்படாமல் இருப்பதை வெளியே கொண்டுவருவதும், முடிவை நாங்களே எடுக்க உதவுவதும்தான் அவருடைய வேலை. அமர்வில் பேசியவை வெளியே போகாது, தனியே சொன்னதை அனுமதியில்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்ல மாட்டோம், யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் எழுந்து போகலாம் என்ற மூன்று விதிகளையும் தொலைபேசியிலேயே விளக்கிவிட்டார்கள். இந்த முறை புதிதன்று. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1976இல் தொடங்கப்பட்ட கம்யூனிட்டி போர்ட்ஸ் என்ற அமைப்பு, அந்தந்தப் பகுதியில் வாழும் தன்னார்வலர்களுக்கே பயிற்சி அளித்து இத்தகைய பூசல்களைத் தீர்க்க வைத்தது. சிங்கப்பூரில் அண்டைவீட்டார் பூசல்களுக்கான சமரச மையம் 1998 முதல் இயங்குகிறது. எங்களுக்கு வந்த இரண்டு சமரசர்களும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே.

தொலைபேசி உரையாடலை அவர்கள் நடத்திய விதம் எனக்குப் பிடித்திருந்தது. யார் மேல் தவறு என்று கேட்கவில்லை. “இது முடிந்த பிறகு உங்கள் அன்றாட வாழ்க்கையில் எது மாறியிருக்க வேண்டும்?” என்று கேட்டார்கள். நான் தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. சற்று நேரம் யோசித்து, படிக்கட்டில் இறங்கும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து இறங்கும் நிலை மாற வேண்டும் என்றேன். பெரியவரும் ஏறத்தாழ இதையேதான் சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிய வந்தது.

முதல் அமர்வு இரண்டரை மணி நேரம் நடந்தது. தொடக்கத்தில் அரை மணி நேரம், குழாயில் எந்தப் பகுதி எந்த வீட்டுக்குச் சொந்தம் என்ற வாதத்திலேயே போயிற்று. இருவர் கையிலும் பத்திரமோ கட்டட வரைபடமோ இல்லை. அவற்றை எடுத்து வரும்படி சேவையினர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பிறகு எங்களைத் தனித்தனி அறைகளுக்கு அழைத்துப் பேசினார்கள். இந்தச் சேவையில் எனக்கு மிக அதிகமாக உதவிய பகுதி அந்தத் தனிப் பேச்சுதான்.

“குளியலறையை மூன்று நாள் பூட்டினால் உங்கள் வீட்டில் யாருக்குச் சிரமம்?” என்று சமரசர் அம்மையார் கேட்டார். என் அம்மாவுக்கு என்றேன். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு குளியலறையில்தான் அவர் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பொருத்தியிருக்கிறோம்; இன்னொன்றின் வாசலில் ஏறி இறங்க வேண்டிய படி இருக்கிறது, அதில் அவர் ஒருமுறை விழுந்திருக்கிறார். எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிறது என்று குழுவில் எழுதியதை, மெதுவாகக் குளிக்கும் என் அம்மாவைப் பற்றி எழுதியதாகவே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். “இதை அவர்களிடம் எப்போதாவது சொன்னீர்களா?” என்றார். சொல்லவில்லை. வீட்டு மூப்பை ஊருக்கு விளக்குவானேன் என்ற எண்ணம். “நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்கிறீர்களா?” என்று அவர் கேட்டபோது, நானே சொல்கிறேன் என்றேன்.

மறுபடி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்ததும் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மாவுக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பூட்டச் சொல்லியிருப்பேனா தம்பி? நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னுதான் நெனச்சேன்” என்றார். அதன் பிறகு அவர் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார். அவருடைய பழைய அலுவலக நண்பர் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து அவரைப் பார்க்க வந்தபோது, பலகையில் நான் ஒட்டியிருந்த நிலுவை அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறார். “முப்பது வருஷம் கணக்குப் பிரிவுல இருந்தவன் சார் நான். யாருக்கும் ஒரு பைசா பாக்கி வச்சதில்ல” என்று அவர் சமரசரிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. அந்தத் தாளை நான் விதிப்படி ஒட்டினேன் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அன்று மாலை வீடு திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கிழித்தெடுத்தேன்.

மேரி பார்க்கர் ஃபாலெட் (1868–1933) என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் தன் அனுபவம் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். நூலகத்தின் சிறிய அறையொன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க விரும்பினார், இவர் மூடிவைக்க விரும்பினார். யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்ததும் இருவர் குறையும் தீர்ந்தது. ஒருவருக்கு வேண்டியிருந்தது காற்று. இன்னொருவருக்கு வேண்டியிருந்தது குளிர்காற்று தன்மேல் நேராக வீசாமல் இருப்பது. எங்கள் விஷயத்தில் பூட்டு, பூட்டமாட்டேன் என்று 11 மாதங்கள் நின்ற இழுபறி பத்தே நிமிடத்தில் தீர்ந்தது. அம்மா அடுத்த மாதம் என் தங்கை வீட்டில் ஐந்து நாள் தங்கப் போகிறார் என்றேன். அந்த ஐந்து நாளில் சோதனை செய்துகொள்ளலாம், அதுவரை சொட்டும் இடத்தில் வாளி வைத்துச் சமாளிக்கிறோம் என்று கீழ்வீட்டு அம்மாவே சொன்னார்.

சேவையினர் தொழில்நுட்ப ஆய்வு செய்வதில்லை, ஆளையும் பரிந்துரைப்பதில்லை. முதலில் இதைக் குறையாக நினைத்தேன். இப்போது சரி என்றே படுகிறது. அவர்கள் ஒருவரை அனுப்பியிருந்தால் அவர் யார் பக்கம் என்ற சந்தேகம் கட்டாயம் எழுந்திருக்கும். அதற்குப் பதிலாக, இருவரும் ஒப்புக்கொள்ளும் மூன்றாவது பிளம்பர், என்னென்ன சோதனைகள் என்பதை முன்கூட்டியே எழுதி இருவரின் கையெழுத்து, சோதனையின்போது இரு வீட்டாரும் உடன் இருப்பது ஆகிய மூன்றையும் உறுதிப்படுத்தினார்கள்.

அந்தச் சோதனைகளின் வரிசை இத்தகைய பிணக்கில் இருக்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலில் குளியலறைக்கு நீர் வரும் குழாயின் முனைகளை அடைத்து, அழுத்தமானியைப் பொருத்தி முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை, ஆகவே நீர் வரும் குழாயில் ஓட்டை இல்லை. அடுத்து மூன்று நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டோம். சொட்டுவது நின்றது, ஆகவே கசிவு எங்கள் பயன்பாட்டோடு தொடர்புடையதுதான். நான்காம் நாள், தரை வடிகாலை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி 24 மணி நேரம் விட்டார். கீழே ஒரு துளியும் இல்லை, ஆகவே தரையின் நீர்ப்புகாப் பூச்சு நன்றாகவே இருக்கிறது. கடைசியாக வடிகாலைத் திறந்து, பச்சைச் சாயம் கலந்த நீரை அதில் ஊற்றினார். பெரியவரும் நானும் கீழ்வீட்டுச் சமையலறையில் தலையை நிமிர்த்தியபடி நின்றுகொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஆவதற்குள் உப்பிய காரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றி, மெல்லப் பெருத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் சொட்டியது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒரு துணியை எடுத்துவந்து தரையைத் துடைக்கக் குனிந்தார். நான் அதை வாங்கித் துடைத்தேன்.

வடிகால் வாய் தளத்துக்குள் குழாயோடு சேரும் இணைப்பு விட்டுப்போயிருந்தது. சாயம் சொட்டிய இடம் அந்த இணைப்புக்கு நேர் கீழே இல்லை, மூன்றடி தள்ளி இருந்தது. காங்கிரீட் தளத்துக்குள் புகுந்த நீர் எளிதான வழியைத் தேடிப் பரவும் என்பதால், கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ணிவிடக் கூடாது. கறைக்கு நேர் மேலே என் வீட்டில் இருந்தது நடைவழிதான். அங்கே குழாயே கிடையாது என்பதைப் பார்த்துத்தான் என் பிளம்பர் இது உங்கள் லைன் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்.

இரண்டாவது அமர்வில் உடன்பாடு எழுதப்பட்டது. கட்டடத்தின் செங்குத்தான கழிவுநீர்க் குழாய் பொதுச் சொத்து, அதோடு சேரும்வரை உள்ள கிளைக் குழாய் அந்தந்த வீட்டுக்குரியது என்று எங்கள் பத்திரம் சொல்கிறது. பெரும்பாலான அடுக்குமாடிகளில் இதைப் போன்ற பிரிவே இருக்கும் என்றாலும், ஒவ்வொருவரும் தங்கள் பத்திரத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. அதன்படி இணைப்பைச் சரிசெய்வதும், கீழே பெயர்ந்த காரையைப் பூசிக் கொடுப்பதும் 21 நாட்களுக்குள் என் பொறுப்பு. சமையலறை முழுவதற்கும் புது வண்ணம் அடிக்க விரும்பினால் கூடுதல் செலவு அவர்களுடையது. பராமரிப்பு நிலுவையைப் பெரியவர் இரண்டு தவணைகளில் கட்டுவார். இனி எந்தக் கசிவானாலும் 48 மணி நேரத்துக்குள் மேல்வீட்டார் வந்து பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு இடையிலான புகார் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்பது ஒவ்வொரு வரியிலும் இருந்தது. ‘ஒத்துழைக்க வேண்டும்’, ‘கவனமாக இருக்க வேண்டும்’ போன்ற சொற்களை நாங்கள் எழுதியபோதெல்லாம், அப்படியென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு சமரசர்கள் மாற்ற வைத்தார்கள். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் இந்த உடன்பாடு நின்றிருக்காது.

மூன்றாவது அமர்வைப் பற்றி எனக்கு அவ்வளவு நிறைவில்லை. என் மகன் இரவில் நாற்காலியை இழுக்கும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கீழ்வீட்டார் சொன்னார்கள். பெரியவர் தன் கைபேசிச் செயலியில் எடுத்த டெசிபல் அளவுகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சமரசர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார்கள். அளவீடு செய்யப்படாத கைபேசி ஒலிவாங்கியை முழுதாக நம்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஏன் ஒதுக்குகிறோம் என்று விளக்கியிருக்க வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துக் குறித்தவருக்கு அது அவமதிப்பாகவே பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கையறைக்குள் தொடர் ஒலியின் சராசரி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதோடு, தனித்தனி ஒலிகள் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நாற்காலி இழுபடும் ஓசை இரண்டாவது வகை. சராசரியில் அது மறைந்துவிடும், தூங்குகிறவரை எழுப்பிவிடும். மேலும் அது காற்று வழியாக வருவதன்று, தளத்தைத் தாக்கிக் கட்டடத்தின் உடம்பு வழியாகவே இறங்குகிறது. கீழ்வீட்டார் ஜன்னலை மூடினாலும் பயனில்லை. இதை அறிந்த சமரசர், எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று பேரம் பேச வைத்திருக்க மாட்டார். நாற்காலிக் கால்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார். இரவு 10 மணிக்கு மேல் நாற்காலியை நகர்த்துவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அந்த விதியை என் மகன் இரண்டு முறை மறந்த பிறகு, நாற்காலிக் கால்களில் தடித்த கம்பளித் துண்டுகளை ஒட்டினோம். அதன் பிறகு கீழே கேட்பதில்லை என்கிறார்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. நிலுவை வைத்தவரின் பெயரைப் பலகையில் ஒட்டக் கூடாது என்றும் உடன்பாட்டில் எழுதினோம். ஆனால் பலகை சங்கத்துக்குச் சொந்தம். இரண்டு வீட்டார் கையெழுத்திட்ட தாள் மற்ற நான்கு வீட்டாரைக் கட்டுப்படுத்தாது. இதைச் சமரசர்கள் சுட்டிக்காட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு வீட்டின் நிலுவை பலகையில் ஏறியபோதுதான் எங்களுக்கே உறைத்தது. பிறகு பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானமாக நிறைவேற்றினோம். சிறு கட்டடங்களில் இருவர் பிணக்கு என்று தனியாக ஒன்று இருப்பது அரிது. எந்த அம்சம் சங்கத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதைச் சேவையின் நடைமுறையிலேயே சேர்க்க வேண்டும். உடன்பாட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று விசாரிக்க அவர்களிடமிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 21 நாள் கெடு முடிந்த அன்று ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் இரு தரப்புக்கும் தெம்பாக இருந்திருக்கும்.

மிரட்டலோ அடிதடியோ உள்ள இடத்தில் இந்த வழி சரிப்படாது. அங்கே காவல்துறையை அணுகுவதே முறை. தூணிலோ உத்தரத்திலோ விரிசல் கண்டால் முதலில் பொறியாளரைக் கூப்பிட வேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான். ஒரு தரப்பு வரவே மாட்டேன் என்றால் சமரசர்களால் ஒன்றும் செய்ய இயலாது. மற்றபடி கசிவு, சத்தம், வண்டி நிறுத்தும் இடம், மாடியில் யாருடைய பொருள், பராமரிப்புத் தொகை ஆகியவற்றுக்கு இந்தச் சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பே போவது நல்லது, அனுப்பிய பிறகு உண்மையை ஒப்புக்கொள்ள இருவருக்குமே பயம் வந்துவிடுகிறது.

உடன்பாடு கையெழுத்தாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. கீழ்வீட்டுக் கூரை காய்ந்திருக்கிறது. தரைத்தளத்து வீடுகள் இரண்டுக்கும் இடையே வண்டி நிறுத்தும் கோட்டைப் பற்றி இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. இரு வீட்டாரிடமும் இந்தச் சேவையைப் பற்றிச் சொன்னோம், அடுத்த வாரம் அவர்களுக்கு முதல் தொலைபேசி உரையாடல் நடக்க இருக்கிறது. ஒரு வீட்டில் குடியிருப்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதால், உரிமையாளரையும் அமர்வுக்கு அழைக்கும்படியும், பத்திர நகலையும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் இப்போதே தேடி எடுத்து வைத்துக்கொள்ளும்படியும் பெரியவரும் நானும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.